என் பேரில் ஒரு கார்டு

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை 1

காலேஜில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். எடுக்க வைத்த புண்ணியம் கோகிலாவுக்கு.

கோகிலவாணி என் வீட்டுக்காரரின் தங்கை. வருஷப் பிறப்பு விருந்து அவள் வீட்டில். அவர் போன பிறகு இது மூன்றாவது வருஷப் பிறப்பு. மூன்று தடவையும் அவளே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள், அதில் குறை சொல்ல மாட்டேன். பாயசத்தில் மட்டும் ஏலக்காய் அதிகம்.

ஆவணியில் அவள் மகனுக்குக் கல்யாணம். ஆனியிலேயே பட்டெடுத்துவிட வேண்டும். நான் இல்லாமல் எங்கள் உறவில் யாரும் பட்டெடுக்கக் கடைப்படி ஏறுவதில்லை. பெருமைக்காக எழுதவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் பத்தொன்பது முகூர்த்தப் பட்டு என் கையால் பொறுக்கியது. ஒன்றுகூடச் சாயம் போனதில்லை.

கை கழுவி உட்கார்ந்ததும் கோகிலா ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம்.

“நங்கை, இந்தத் தடவ ரொக்கம் வேண்டாங்க. என்ற கிரெடிட் கார்டைத் தாரேன், கடைல அதையே தேச்சுப்போடுங்க. பாயிண்ட் ஏறும். போன வருசம் பாயிண்ட்லயே நாங்க ரெண்டு பேரும் ஏரோப்ளேன்ல கோவா போயிட்டு வந்தமில்ல?”

“ஏனம்மணி, என்ற காலு தேயும், பாயிண்ட் உனக்கா?” என்றேன், சிரித்துக்கொண்டேதான்.

“அப்ப நீங்களே ஒண்ணு எடுங்க. சேலை எடுக்கறதுல கில்லாடி, கார்டு எடுக்கத் தெரியாதுங்களா?”

பதினைந்து பேர் சிரித்தார்கள். குழந்தைகள்கூட. எனக்குச் சுருக்கென்றது.

“பட்டெடுக்கற அன்னைக்கு என்ற பேர்ல, என்ற கைல ஒரு கார்டு இருக்கும். எல்லாரும் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்னதைச் செய்யாமல் விட்ட வழக்கம் சாரதாமணிக்குக் கிடையாது.

ஸ்கூட்டரில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஊரார் கல்யாணத்துக்கு என் கை வழியாகப் போன ரொக்கத்துக்கெல்லாம் பாயிண்ட் சேர்ந்திருந்தால், பூனாவில் வேலை பார்க்கும் என் மகள் மதியை நாலு தடவை பறந்து போய்ப் பார்த்திருக்கலாம். அவளைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

ஏப்ரல் 15, திங்கள்

காலேஜ் பெண்கள் விடுதிக்கு ஸ்டோர் பொறுப்பு நான். அறுநூறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். காலையில் வந்த கத்தரிக்காயில் மூன்று மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். “சுமார்” என்று ஒரு சொல்தான் சொல்வேன், வியாபாரி மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

மத்தியானம் கணக்குப் பிரிவு ஃபரிதாவிடம் கார்டு விஷயத்தைச் சொன்னேன். இருபத்தாறு வயது, இந்த மாதிரி விஷயமெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாள்.

“மொதல்ல ஸ்கோர் பாப்போம்க்கா. கடனை ஒழுங்காக் கட்டற ஆளான்னு பேங்க்காரங்க பாக்கற மார்க்கு. தொள்ளாயிரத்துக்கு.”

என் பான் கார்டு எண்ணைப் போட்டாள். போனில் அரைவட்டம் ஒன்று வந்தது, முள் நடுவில் வந்து நின்றது. 671. அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில், தமிழிலேயே போட்டிருந்தான்: சுமார்.

என்னைப் பார்த்து!

ஏப்ரல் 16, செவ்வாய்

அது வேறு யாரோ சாரதாமணியின் ஸ்கோராக இருக்கும். பெருந்துறைப் பக்கத்தில் மட்டும் நாலு சாரதாமணி இருக்கிறோம்.

ஏப்ரல் 20, சனி

என்னுடையதுதானாம். ஃபரிதா பிறந்த தேதி, முகவரி எல்லாம் காட்டினாள்.

சரி, 671க்கு எது கிடைக்குமோ அதில் நல்லதாகப் பொறுக்கலாம் என்று இறங்கிவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். ஒரு கார்டில் பெட்ரோலுக்குப் பாயிண்ட் அதிகம், ஆனால் குறிப்பிட்ட பங்கில் மட்டும். ஒன்றில் மளிகைக்கு நூறு ரூபாய்க்கு ஐந்து பாயிண்ட். கேட்கவே வாய் ஊறுகிறது, ஆனால் நாலு பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். இன்னொன்று ஏரோப்ளேன் கார்டு. விமான நிலையத்தில் சோபாவில் உட்கார வைத்து இட்லி தருவார்களாம், வருஷக் கட்டணம் மூவாயிரம். மூவாயிரத்துக்கு நான் ஒரு வருஷம் இட்லி சுட்டுவிடுவேன்.

பளபளப்பைப் பார்த்து மயங்குகிற ஆள் நான் இல்லை. திருப்பிப் போட்டு உள் மடிப்பைப் பார்ப்பேன். இந்தக் கார்டுகளுக்கும் உள் மடிப்பு இருக்கிறது. பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில்.

ஏப்ரல் 26, வெள்ளி

திங்கள் முதல் இன்று வரை ஐந்து நாள், ஐந்து பேங்க். ஐந்திலும் விண்ணப்பம் போட்டாயிற்று. ஃபரிதாவைத் தொந்தரவு செய்யவில்லை, எல்லாம் என் போனிலிருந்தே நானே போட்டேன். ஐந்தும் வரட்டும், விரித்து வைத்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொண்டு மற்ற நாலையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். முகூர்த்தப் பட்டுக்கு ஐந்து கடை ஏறி இறங்குகிறவள், கார்டுக்கு ஒரே இடத்தில் போய் நிற்பேனா?

இன்று விடுதியில் தயிர் புளித்துவிட்டது. மோர்க்குழம்பாக மாற்றச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

முதல் பேங்க்: வருந்துகிறோம்.

மே 2, வியாழன்

இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது: வருந்துகிறோம். நாலாவது பேங்க் வருந்தக்கூட இல்லை.

மே 3, வெள்ளி

ஃபரிதாவிடம் சொன்னதும் தலையில் கை வைத்தாள். மறுபடி ஸ்கோர் பார்த்தாள். 648.

“அக்கா, அஞ்சு எடத்துலயா போட்டீங்க? ஒரே வாரத்துலயா?”

“வெலை விசாரிக்க வேண்டாமா ஃபரிதா?”

“விசாரிக்கறது வேற, விண்ணப்பம் வேறக்கா. நீங்க போட்ட ஒவ்வொரு பேங்கும் உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்திருக்கும். வரிசையா அஞ்சு பேரு பாத்தா, இந்தம்மாவுக்குப் பணத்துக்கு என்னமோ அவசரம்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். அதுக்கே மார்க்கைக் கொறச்சிருக்கு.”

ஐந்து கடை ஏறி இறங்குகிறவள் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். இவர்கள் ஊரில் அவள் பணத்துக்கு அலைகிறவளாம்! அப்படியானால் முதலில் வந்த கடையில் முதலில் விரித்த சேலையைத் தூக்கிக்கொண்டு வருகிற கோகிலா மாதிரி ஆட்களுக்குத்தான் இவர்கள் எண்ணூறு மார்க் கொடுப்பார்கள். கொடுத்தும் இருக்கிறார்கள்.

ராத்திரி ரசம் மட்டும். பசிக்கவில்லை.

மே 9, வியாழன்

மதி போனில் கூப்பிட்டாள். அவள் கார்டிலேயே என் பேரில் துணைக் கார்டு ஒன்று வாங்கித் தருகிறாளாம்.

“ஏம்மா கஷ்டப்படறே? எங்கார்டு, உம்பேரு. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றேன்.

மகள் சம்பாத்தியத்தின் நிழலில் கார்டை நீட்டுவதற்கு, கோகிலா கார்டையே தேய்த்துவிட்டுப் போகலாம். நல்ல பிள்ளைதான். அவள் அப்பா மாதிரி, யாருக்கும் வலிக்காமல் முடித்துவிடப் பார்ப்பாள்.

மே 13, திங்கள்

தக்காளி கிலோ ஐம்பது. சாம்பாரில் குறைத்தேன்.

மே 17, வெள்ளி

அரைநாள் லீவு போட்டுவிட்டு என் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்குக்கே நேராகப் போனேன். ஆபீஸர் எபினேசர் என்று ஒரு தம்பி. திருநெல்வேலிப் பேச்சு, முகத்தில் நல்ல களை. என் ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினார். மாதத்துக்கு ஒரு கட்டம். பச்சை என்றால் நாள் தவறாமல் கட்டியது. வரிசையாகப் பச்சை, நடுவில் மூன்று கட்டம் மட்டும் சிவப்பு.

“அஞ்சு இடத்துல அப்ளை பண்ணுனது பெரிய விஷயம் இல்ல மேடம், அது ஆறு மாசத்துல சரியாயிரும். இந்த மூணுதான் உங்களைக் கீழ இழுக்கு. ஸ்கூட்டர் லோன். ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச், ஏப்ரல், மே. அந்த மூணு மாசம் என்ன ஆச்சு?”

“கவனக்குறைவு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம, இல்ல வேற எதுவும்… அப்படின்னா லோன் கொடுத்த கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதலாம். சில சமயம் மாத்திக் கொடுப்பாவ.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. கவனக்குறைவுதான்.”

என் வீட்டுக்காரர் போனது அந்த வருஷம் பிப்ரவரி 26. அவர் சாவைக் காரணம் காட்டி ஒரு பிளாஸ்டிக் கார்டு வாங்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

எபினேசர் வேறு வழி சொன்னார். ஐம்பதாயிரம் டெபாசிட் போட்டால் அதன் பேரில் கார்டு தருவார்களாம், ஸ்கோரைப் பார்க்க மாட்டார்களாம். நாற்பத்தைந்தாயிரம் வரை செலவு செய்யலாம். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். வருஷக் கட்டணம் இல்லை. ஒழுங்காகக் கட்டிவந்தால் ஸ்கோர் ஏறும். சோபாவும் இட்லியும் கிடையாது.

பொடி எழுத்தைப் பூராவும் படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. எபினேசர் டீ வரவழைத்தார். பிறகு என் சீட்டுப் பணத்தை டெபாசிட் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் பணம், என் பேர், என் கையெழுத்து. யாருடைய தயவும் இல்லை.

மே 18, சனி

கவனக்குறைவு என்று சொன்னது பொய். இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஏற்பாடு எப்போதும் ஒன்றுதான். பொருளைப் பொறுக்குவது நான், பேங்க் வேலை அவர். ஸ்கூட்டரை ஏழு கடையில் பார்த்துப் பொறுக்கினது நான். லோன் என் பேரில், ஆனால் தவணை அவருடைய மில் சம்பளக் கணக்கிலிருந்து மாதம் ஐந்தாம் தேதி போகும். எனக்கு அந்தப் பேங்க் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவை வந்ததில்லை.

ஜூன் 5, புதன்

கார்டு வந்துவிட்டது! கரும்பச்சை நிறம். அடியில் வெள்ளை எழுத்தில் SARADHAMANI N. என் அடையாள அட்டை எல்லாவற்றிலும் நான் திருடி மாதிரி இருப்பேன்; இதில் படம் இல்லை, பேர் மட்டும். எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஃபரிதாவுக்கும் சமையல் ஆட்களுக்கும் என் செலவில் பப்ஸ். பப்ஸ் கடையில் கார்டு வாங்க மாட்டானாம். ரொக்கமாகக் கொடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பெட்ரோல் முந்நூறு ரூபாய்க்குப் போட்டேன். மூன்று பாயிண்ட். சாயங்காலமே பேங்குக்குப் போய் முந்நூறு ரூபாயைக் கட்ட நின்றேன். எபினேசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மேடம், பில்லு வரட்டும். வந்த பொறவு முழுசாக் கட்டுங்க. தினமும் வந்து கட்டுனா நாங்க வேற வேலையே பாக்க முடியாது. அப்புறம் ஒண்ணு. மொத்த வரம்புல முப்பது சதவீதத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க. அப்பதான் ஸ்கோர் ஏறும்.”

நாற்பத்தைந்தாயிரத்தில் முப்பது சதவீதம் பதிமூவாயிரத்து ஐந்நூறு. பட்டெடுப்புக்கு அவ்வளவுதான் என் பங்கு. போதும். கையில் கார்டு இருக்கும் என்றுதான் சொன்னேனே தவிர, கடையையே வாங்குவேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மதி கேட்டாள், எதற்கு டெபாசிட் கட்டி வாங்கும் கார்டு, சாதாரணக் கார்டு ஏன் கிடைக்கவில்லை என்று. ஸ்கூட்டர் லோனில் மூன்று மாதம் நின்றுவிட்டது என்றேன்.

மெதுவாக, “அப்பா கட்டாம விட்டதாம்மா?” என்றாள்.

டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன். ஆனி 26

பட்டெடுப்பு. காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம். கோகிலா, அவள் வீட்டுக்காரர், பெண் வீட்டார் ஆறு பேர், நான். நாலு கடை ஏறினோம். முகூர்த்தப் பட்டு மூன்றாவது கடையில் அமைந்தது. அரக்குக் கலரில் மயில்கழுத்து பார்டர், முப்பத்தெட்டாயிரம். விரித்த உடனே பெண்ணின் அம்மா கண் கலங்கிவிட்டார். நான் இரண்டாயிரம் குறைத்த பிறகு பெண்ணின் அப்பா கண் கலங்கினார்.

கோகிலாவுக்கு மாப்பிள்ளை அம்மா சேலை, பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. அதை மட்டும் தனியாக பில் போடச் சொல்லி என் கார்டை எடுத்து நீட்டினேன். கடைப் பையன் மெஷினில் சொருகினான். எண் அழுத்தினேன். சீட்டு வந்தது.

“பாத்துக்க கோகிலா. உன்ற சேலை, நூத்தி இருவத்தெட்டு பாயிண்ட் எனக்கு.”

“பாயிண்ட் மட்டுமில்லீங்க, மானமும் உங்களுக்குத்தான்” என்று கோகிலாவே சிரித்தாள். பணத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதோடு டைரியை மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூஸ் குடிக்கும்போது அவள் என்னைத் தனியாகக் கூட்டிப்போனாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நங்கை, மதி எல்லாஞ் சொன்னாளுங்க. எங்கண்ணன் டியூ கட்டாம உட்டுட்டுப் போனதுக்கு, பாவம் நீங்க பேங்க் பேங்க்காப் போய்த் தலகுனிஞ்சு நின்னிருக்கீங்க. எனக்கு மனசே சரியில்லீங்க. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கட்டியிருக்க மாட்டனா? அண்ணன் இப்படி உட்டுட்டுப் போவாருன்னு நான் கனவுலகூட நெனைக்கலீங்க.”

திட்டவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கூடப் பிறந்தவளே நம்பிவிட்டாள்.

நாள் தவறாத மனுஷன் அவர் என்று சொல்ல வாய் வரை வந்தது. வரவில்லை. ஏனென்றால், எழுதித்தான் ஆக வேண்டும், நானும் இரண்டு வருஷமாகக் கோகிலா சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர் இறந்த அந்த வருஷம் ஜூன் மாதம் வசூல்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, மூன்று தவணையையும் அபராதத்தையும் என் பணத்தில் கட்டினேன். மீதித் தவணைகளை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். அவருடைய கணக்கில் காசு இல்லை போலிருக்கிறது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்திருப்பார், சொல்லாமல் போய்விட்டார் என்று நானே முடிவு கட்டினேன். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு வரி அச்சடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கடைசி வரியில் பூஜ்யம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கவனக்குறைவு என்று பேங்கில் சொன்னது என்னைக் காப்பாற்ற இல்லை. அவரை மறைக்கத்தான்.

மறைத்து மறைத்து, கடைசியில் அவர் தங்கை வாயால் அவரைக் கடன்காரர் ஆக்கிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

லீவு. அவருடைய பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், என் ஆதார். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அந்தப் பேங்க் வாசலில் நின்றேன். மில்லுக்குப் பின்னால் இருக்கிறது, மாடியில். இருபது வருஷம் அவர் ஏறி இறங்கிய படி.

கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “நாமினி நீங்கதானுங்களா? இவ்வளவு நாளா ஏன் வரலீங்க?” என்றாள். பாஸ்புக்கை நீட்டினேன். வாங்கி மெஷினில் கொடுத்தாள். மெஷின் ரொம்ப நேரம் கரகரத்தது.

கடைசிப் பக்கத்தை நான் அங்கேயே நின்று படித்தேன்.

பிப்ரவரி 5: ஸ்கூட்டர் தவணை, 2,340 பற்று.
பிப்ரவரி 9: ரொக்கம், 25,740 வரவு.

அதற்குப் பிறகு அவர் கைப்பட ஒன்றும் இல்லை. மார்ச்சில் ஸ்கூட்டர் கம்பெனி தவணை கேட்டிருக்கிறது, பேங்க் திருப்பியிருக்கிறது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அப்படியே. காரணம் பணம் இல்லை என்று இல்லை. கணக்கு நிறுத்தம் என்று போட்டிருக்கிறது. மில்லிலிருந்து சாவுத் தகவல் வந்ததும் கணக்கை நிறுத்திவிட்டார்களாம். அதுதான் முறையாம்.

25,740 என்ன தொகை என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு காகிதம் வாங்கி வகுத்துப் பார்த்தேன். 2,340ஆல் வகுத்தால் பதினொன்று. அப்போது ஸ்கூட்டருக்கு மீதி இருந்த தவணை பதினொன்று.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது பிப்ரவரி 11. ஒன்பதாம் தேதி, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். வெட்டாமல் திரும்பி வந்தார். கடையில் கூட்டம் என்றார். “நாலே நாள்ல வந்துருவேன் சாரதா, அதுக்கு எதுக்கு முடி” என்றும் சொன்னார். நான் திட்டினேன், இந்த முடியோடு டாக்டர் முன்னால் போய்ப் படுப்பீர்களா என்று.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் முடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

பேங்க் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் புருஷன் பதினொரு மாதத் தவணையை எடுத்து வைத்துவிட்டுப் போன மனுஷன் என்று எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

எபினேசரிடம் போனேன். “தம்பி, அன்னைக்கு கவனக்குறைவுன்னு சொன்னது பொய்யிங்க” என்றேன். பாஸ்புக்கை விரித்து வைத்தேன். அவர் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, மறுபடி உட்கார்ந்தார்.

“மேடம், இது உங்க ஸ்கோருக்காக—”

“ஸ்கோரு எப்படியோ போவட்டும். அந்த மூணு சிவப்பும் அவரு மேல உழுந்த பழி. அத அழிக்கோணும்.”

கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். அவர் இங்கிலீஷில், நான் தமிழில், இரண்டும் சேர்த்து. பாஸ்புக் நகல், இறப்புச் சான்றிதழ் நகல் வைத்தேன். மாற்றித் தருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கடனுக்குப் பேர் என்னுடையது, தகவல் சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான் என்று அவர்கள் கேட்டால் பதில் இல்லை. கேட்கட்டும். என்னைக் குறை சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். அதையும் கடிதத்தில் எழுதிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோகிலா வீட்டுக்குப் போய் பாஸ்புக்கைக் காட்டினேன். ஒரு வார்த்தை விளக்கவில்லை. தேதியைப் பார்த்தாள், தொகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்கண்ணன் இப்படி உட்டுட்டுப் போனாருன்னு நான் எப்படிங்க வாயத் தொறந்து சொன்னேன்” என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள்தானே.

மதிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை. டவர் நன்றாக இருந்தது.

ஜூலை 29, திங்கள்

கார்டு பில் வந்தது. முழுதும் கட்டினேன். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. விடுதியில் பதினைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கஞ்சி தனியாக வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கம்பெனியிலிருந்து கடிதம். ஒரே பக்கம். “தங்கள் விளக்கத்தையும் ஆவணங்களையும் பரிசீலித்தோம். கணக்கில் போதிய இருப்பு இருந்தது உறுதியாகிறது. பதிவைத் திருத்த அனுப்பியுள்ளோம்.” கடைசியில் ஒரு அதிகாரி பேனாவால், “தங்கள் கணவருக்கு எங்கள் வணக்கம்” என்று தனியாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. நன்றாயிருக்கட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய். ஆவணி 4

நாளை மறுநாள் கல்யாணம். பலகாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபரிதா ஓடி வந்தாள். போனில் அந்த அரைவட்டம். முள் வலது பக்கம் போய்விட்டது. 746. பச்சை நிறத்தில், நன்று.

“அக்கா, இனி எந்தக் கார்டு வேணும்னாலும் கெடைக்கும். அந்த ஏரோப்ளேன் கார்டே கெடைக்கும். போடட்டுமா?”

“ஸ்கோரு இருக்கட்டும் ஃபரிதா. அந்தக் கட்டத்தக் காட்டு” என்றேன்.

பக்கத்தைத் திருப்பினாள். ஸ்கூட்டர் லோன், இரண்டாயிரத்து இருபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி பச்சை. மார்ச் பச்சை. ஏப்ரல் பச்சை. மே பச்சை.

செத்த பிறகும் மூன்று தவணை நாள் தவறாமல் கட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர்.